எண்ணெய் காஞ்சாச்சு, காகிதம் காயலை

டிரான்ஸ்பார்மருக்குள் எண்ணெய் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். செம்பும் இரும்பும் இருக்கும் என்பதும் தெரியும். உள்ளே டன் கணக்கில் காகிதம் இருக்கிறது என்று சொன்னால்தான் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். இங்கே நாக்பூரில் நம்மாட்கள் கூடும் ஒரு விசேஷத்தில் ஒரு மாமி நேராகவே கேட்டுவிட்டார்: "கரண்ட் ஓடற பெட்டிக்குள்ள யாராவது காகிதத்தை வைப்பாளா?"

வைப்பார்கள் மாமி, நூறு வருடத்துக்கும் மேலாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காகிதத்தைக் காயவைப்பதுதான் முப்பது வருடமாக என் பிழைப்பு. அதனால் இந்தத் தடவை அதன் கதையையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போகும். காபியைக் கலந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் காகிதம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். செம்புக் கம்பி ஒவ்வொன்றின் மேலும் பழுப்பு நிற கிராஃப்ட் காகிதம் பல சுற்று சுற்றியிருக்கும். கம்பிச் சுருளுக்கும் சுருளுக்கும் நடுவில் காகிதக் கூழை அழுத்திச் செய்த கெட்டியான அட்டைகள், உருளைகள், கட்டைகள். பெரிய 400 கே.வி. டிரான்ஸ்பார்மர் என்றால் இதெல்லாம் சேர்ந்து பத்து டன் வரை வரும். எண்ணெயில் ஊறிய காகிதத்தைப் போல மலிவான, பலமான, மின்சாரத்தைத் தாங்கும் பொருள் வேறு கிடைக்கவில்லை. குறை ஒன்றே ஒன்றுதான். அதற்குத் தண்ணீர் என்றால் உயிர். மழை நாளில் டப்பாவைத் திறந்து வைத்த அப்பளம் மாதிரி. காற்றில் சும்மா கிடக்கும் காகிதத்தில் எடையில் ஆறிலிருந்து எட்டு சதவீதம் வரை தண்ணீர் இருக்கும். டிரான்ஸ்பார்மருக்கு வேண்டியதோ அரை சதவீதத்துக்கும் கீழே. பத்து டன்னுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுநூறு, எழுநூறு லிட்டர் தண்ணீரை வெளியேற்றி ஐம்பது லிட்டருக்குள் கொண்டுவர வேண்டும். அதுவும் துணி காயப்போடுவது போல வெயிலில் விரிக்க முடியாத காகிதத்திலிருந்து.

ஆரம்பத்தில் இந்தத் தலைவலி இவ்வளவு பெரிதாக இல்லை. 1885-இல் புடாபெஸ்டில் கான்ஸ் தொழிற்சாலையில் மூன்று பொறியாளர்கள் செய்த டிரான்ஸ்பார்மருக்கு எண்ணெயே கிடையாது. காற்றுதான். வோல்டேஜ் கூடக் கூட ஈரம் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. 1891-இல் ஜெர்மனியில் லாஃபென் என்ற ஊரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வரை 175 கிலோமீட்டருக்கு மின்சாரம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அதில் நின்ற டிரான்ஸ்பார்மர்கள் எண்ணெய்க்குள் மூழ்கியவை. அப்போது 15,000 வோல்ட் என்பது பெரிய சாகசம். காகிதத்தை எண்ணெயில் முக்கிவிட்டால் காற்றின் ஈரம் அண்டாது என்று எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அந்த நிம்மதிதான் பிற்பாடு பல டிரான்ஸ்பார்மர்களைத் தின்றது. அதற்கு வருகிறேன்.

நம்ம நாட்டுக்கு இந்தச் சாமான்கள் எல்லாம் கப்பலில்தான் வந்தன. 1902-இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து கோலார் தங்க வயலுக்கு ஏறத்தாழ 147 கிலோமீட்டருக்கு லைன் இழுத்தபோது மின் சாதனங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிலிருந்து வந்தன. 1932-இல் நீலகிரியில் பைக்காரா ஓட ஆரம்பித்தபோதும் நிலைமை அதேதான், கடல் தாண்டி வந்த சாமான். வாரக்கணக்கில் கடல் காற்று, துறைமுகத்தில் கிடை, அப்புறம் ரயில், அப்புறம் மாட்டு வண்டி. தொழிற்சாலையில் எவ்வளவுதான் காயவைத்து அனுப்பினாலும் வந்து சேரும்போது ஈரம் ஏறியிருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். திருப்பி அனுப்ப முடியுமா? ஆகவே நிற்கும் இடத்திலேயே காயவை என்பதுதான் முதல் நாளிலிருந்து விதி.

அந்தக் காலத்துக் கம்பெனிக் கையேடுகளில் மூன்று வழி சொல்லியிருக்கும். ஒன்று உள்சூடு: ஒரு வைண்டிங்கின் முனைகளைச் சேர்த்துக் கட்டிவிட்டு மறு வைண்டிங்கில் குறைந்த வோல்டேஜ் கொடுத்தால் கரண்ட் ஓடிச் செம்பு சூடாகும். இரண்டு வெளிச்சூடு: டிரான்ஸ்பார்மரைச் சுற்றி மரப்பெட்டி அடித்து, அடியிலிருந்து சூடான காற்றை ஊதி மேலே ஓட்டை வழியாக வெளியே விடுவது. மூன்றாவது, இரண்டையும் சேர்த்துச் செய்வது. பெரியதற்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை பிடிக்கும். இரவு பகல் ஆள் காவல் இருக்க வேண்டும், தீயணைக்கும் சாமான் பக்கத்திலேயே இருக்க வேண்டும். காகிதம், எண்ணெய், சூடு மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காய்ந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் மெக்கர் வருகிறது. 1903-இல் இங்கிலாந்தில் எவர்ஷெட் அண்ட் விக்னோல்ஸ் கம்பெனி அந்தப் பெயரைப் பதிவு செய்தது. கையால் சுற்றும் ஜெனரேட்டர், ஒரு முள், மெகாஓம் கணக்கில் இன்சுலேஷன் எவ்வளவு என்று காட்டும். சைட் வேலை பார்த்தவர்கள் வீட்டில் இந்தச் சொல் தெரியாமல் யாரும் இருக்க முடியாது. என் பெண் எல்.கே.ஜி. படிக்கும்போதே "அப்பா மெக்கர் போடப் போயிருக்கார்" என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள் :-)

மெக்கரில் ஒரு விசித்திரம் உண்டு. காயவைக்க ஆரம்பித்ததும் அளவு ஏறாது, இறங்கும். படுவேகமாக இறங்கும். இன்சுலேஷன் பத்து டிகிரி சூடானால் மெகாஓம் ஏறத்தாழ பாதியாகும் என்பது கணக்கு. 30 டிகிரியில் 1600 காட்டியது 80 டிகிரியில் 50-க்கு வந்து நிற்கும். புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் முகம் வெளிறிப்போய் ஓடி வருவார்கள். அப்புறம் சூடு ஒரே அளவில் நிற்கும், மெகாஓமும் அடியிலேயே கிடக்கும். ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள்... எதுவும் நடக்காது. உள்ளே ஈரம் வெளியேறிக்கொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் விடியற்காலையில் முள் லேசாக ஏறியிருக்கும். அடுத்த ஷிஃப்டில் இன்னும் கொஞ்சம். ஏறி ஏறி, இனி ஏறாது என்று சமமாக நின்றால் காய்ந்தது என்று அர்த்தம். 1981-இல் வந்த நம்ம ஐ.எஸ். 10028 என்ற தரநிலையிலும் இந்த வளைவு உண்டு. சிங்க்ரௌலி, கோர்பா, ராமகுண்டம் டவுன்ஷிப்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு "அப்பா எப்ப வருவார்" என்ற கேள்விக்குப் பதிலாக வந்த "இன்னும் நாலு நாள்" பல தடவை இந்த வளைவின் அடிப்பகுதியில் நின்றுகொண்டு சொன்னதாக இருக்கும். பொய் சொன்னார் என்று நினைக்காதீர்கள், அவருக்கும் தெரியாது.

சரி, எண்ணெய் விஷயத்துக்கு வருவோம்.

எண்ணெய் வந்த பிறகு எல்லோருடைய கவனமும் எண்ணெய் மேல் போய்விட்டது. காரணம் எளிது, எண்ணெயைக் குழாய் திறந்து பிடிக்கலாம், சோதிக்கலாம். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியை எண்ணெயில் முக்கினால் சடசடவென்று சத்தம் வந்தால் தண்ணீர் இருக்கிறது. நம்ம வீட்டில் கடுகு தாளிக்கும்போது ஈரக் கரண்டி பட்டால் வரும் அதே சத்தம். அப்புறம் இரண்டு உருண்டை முனைகளுக்கு நடுவில் எண்ணெயை ஊற்றி எத்தனை கே.வி.யில் பொறி பறக்கிறது என்று பார்க்கும் சோதனை வந்தது. பிளாட்டிங் பேப்பர் அடுக்குகள் வழியாக எண்ணெயை அழுத்தி வடிகட்டும் மெஷின் வந்தது. எண்ணெய் பளிச்சென்று ஆனது, சோதனையில் தேறியது, எல்லோருக்கும் சந்தோஷம்.

காகிதத்தை யாரும் குழாய் திறந்து பிடிக்க முடியாதே!

ஒரு லட்சம் லிட்டர் எண்ணெய் உள்ள டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் 20 பிபிஎம் ஈரம் என்றால், அதாவது பத்து லட்சத்தில் இருபது பங்கு, மொத்தத் தண்ணீர் இரண்டு லிட்டர்கூட வராது. அதே டிரான்ஸ்பார்மரின் பத்து டன் காகிதத்தில் மூன்று சதவீதம் ஈரம் என்றால் முந்நூறு லிட்டர். எண்ணெயை எத்தனை தடவை வடிகட்டினாலும் நீங்கள் பிடிப்பது அந்த இரண்டு லிட்டரைத்தான். எண்ணெய் காய்ந்ததும் காகிதம் தன்னிடமிருந்து கொஞ்சம் தண்ணீரைத் தள்ளிவிடும், பழையபடி இரண்டு லிட்டர். கிணற்று நீரை ஸ்பூனால் இறைக்கிற கதை, ஊற்று நிற்கவே நிற்காது.

இதை அளந்து புரிந்துகொள்ளவே ஐம்பது அறுபது வருடம் ஆயிற்று. 1935-இல் கார்ல் ஃபிஷர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் மிகச் சிறிய அளவு தண்ணீரையும் அளக்கும் முறையை வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் பிபிஎம் என்ற பேச்சுக்கே அர்த்தம் வந்தது. 1946-இல் பைப்பர், 1960-இல் ஃபாப்ரும் பிஷோனும், 1980-களில் வெஸ்டிங்ஹவுஸில் இருந்த ஊமன் என்று ஒவ்வொருவராக, இன்ன சூட்டில் எண்ணெயில் இவ்வளவு ஈரம் இருந்தால் காகிதத்தில் எவ்வளவு இருக்கும் என்று வரைபடம் போட்டார்கள். அதில் தெரிவது இதுதான். குளிர்ந்தபோது தண்ணீர் காகிதத்துக்கு ஓடும், சூடானபோது எண்ணெய்க்கு வரும். 20 டிகிரியில் எண்ணெயால் சுமார் 50 பிபிஎம்தான் தாங்க முடியும். 80 டிகிரியில் அதைப்போல எட்டு, பத்து மடங்கு. அதனால் ஜனவரி மாதக் காலையில் எடுத்த சாம்பிளை வைத்துக்கொண்டு "டிரான்ஸ்பார்மர் நல்லாக் காஞ்சிருக்கு" என்று சொல்பவரை நம்பாதீர்கள். தண்ணீர் காகிதத்துக்குள் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருக்கும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? பொறி பறந்து வெடிக்கும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆயுள். 1930-இல் மான்ட்சிங்கர் என்பவர் சூடு எட்டு டிகிரி ஏறினால் காகிதத்தின் ஆயுள் பாதியாகும் என்று சொன்னார். 1942-இல் கிளார்க் என்பவர் ஈரத்துக்கும் அதே மாதிரிக் கணக்கு உண்டு என்று காட்டினார். ஈரம் இரண்டு மடங்கானால் காகிதம் இரண்டு மடங்கு வேகத்தில் மக்கும். மக்கும்போது அதுவே தண்ணீரை உண்டாக்கும். அந்தத் தண்ணீர் இன்னும் மக்கவைக்கும். கடனுக்கு வட்டி, வட்டிக்கு வட்டி. எண்ணெயை மாற்றலாம், ரேடியேட்டரை மாற்றலாம். மக்கிய காகிதத்துக்கு மாற்று கிடையாது, வைண்டிங்கையே புதிதாகச் சுற்ற வேண்டும்.

இங்கே ஒரு அனுபவம் சொல்கிறேன். 1993, விந்திய மலைக்கு வடக்கே ஒரு 400 கே.வி. சப்ஸ்டேஷன். எந்த ஊர், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். 315 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் மழைக்காலத்தில் வந்து இறங்கியது. எண்ணெய் இல்லாமல் நைட்ரஜன் அடைத்து அனுப்புவார்கள். வழியில் கசிந்து, அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தில் நின்றது. காற்று உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். எண்ணெயை நிரப்பி, சூடாக்கிச் சுற்றவிட ஆரம்பித்தோம். டேங்கைச் சுற்றித் தார்ப்பாய், ரேடியேட்டர் வால்வெல்லாம் மூடி, மணிக்கு 6000 லிட்டர் மெஷின். ஒரு லட்சம் லிட்டர் ஒரு சுற்று வரவே பதினேழு மணி நேரம். எட்டு நாளில் எண்ணெய் 70 கே.வி. தாங்கியது. பாட்டிலில் பிடித்து மோட்டார் சைக்கிளில் நகரத்து லேபுக்கு அனுப்பியதில் 8 பிபிஎம் என்று வந்தது. எல்லாம் தேர்வு. அந்த வெள்ளிக்கிழமை ஒரு பெரிய மனிதர் வந்து சுவிட்ச் போடுவதாக ஏற்பாடு, ஷாமியானாகூடக் கட்டியாகிவிட்டது.

எங்கள் ஃபோர்மன் வங்காளி, ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. எல்லோருக்கும் அவர் தாதா. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தேல் சூக் கயா, காகஜ் நஹீ" என்றார். எண்ணெய் காஞ்சிருக்கு, காகிதம் காயலை. மெகாஓம் வளைவு இன்னும் அடியிலேயே கிடக்கிறது பார் என்றார். மேலதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. லேப் ரிப்போர்ட் கையில் இருக்கும்போது ஒரு கைச்சுற்று மெக்கரை நம்புவதா? தாதா சண்டை போடவில்லை. "மெஷினை நிறுத்துங்க, சூட்டோட ரெண்டு நாள் சும்மா நிக்கட்டும், அப்புறம் இன்னொரு பாட்டில் அனுப்புங்க, அவ்வளவுதான்" என்று மட்டும் கேட்டார். அதற்கே ஒரு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. இரண்டு நாள் கழித்துப் போன பாட்டில் 27 பிபிஎம் என்று வந்தது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, மூடியைத் திறக்கவில்லை. அத்தனையும் காகிதத்திலிருந்து வந்தது. ஷாமியானாவைப் பிரித்தார்கள். டிரான்ஸ்பார்மர் பத்தொன்பது நாள் கழித்துத்தான் சார்ஜ் ஆனது, அன்று பெரிய மனிதர் யாரும் வரவில்லை. என் முதல் தீபாவளி வெளியூரில் கழிந்தது அங்கேதான், தாதா வீட்டு சந்தேஷுடன்.

அந்தப் பத்தொன்பது நாளும் என்ன செய்தோம் என்றால், வாக்குவம்.

ஊட்டியில் பருப்பு வேக நேரமாகும் என்று நம்ம வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தை இன்னும் குறைத்துப் பத்தில் ஒரு பங்காக்கினால் 46 டிகிரியில் கொதிக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் பூஜ்யத்துக்கும் இருபது டிகிரி கீழேகூட ஈரம் ஆவியாகும். ஆக, டேங்குக்குள் காற்றை உறிஞ்சிவிட்டால் காகிதத்தின் தண்ணீர் தானே ஓடிவர வேண்டியதுதானே? பாதி உண்மை. டேங்க் சுவர் தாங்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன் அழுத்தம் வெளியிலிருந்து நெரிக்கும், சாதாரணத் தகடு தகர டப்பா மாதிரி சப்பிப்போகும். அதையும் தாங்குகிற டேங்க் செய்தாயிற்று என்றால் அடுத்த சங்கடம். ஆவியாகும் தண்ணீர் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். பானைத் தண்ணீர் ஜில்லென்று ஆவது எப்படியோ அப்படித்தான் காகிதமும் குளிரும். குளிர்ந்தால் காய்வது நின்றுவிடும். வாக்குவத்தில் வெளியிலிருந்து சூடு கொடுக்கவும் முடியாது, சூட்டைக் கொண்டுபோகக் காற்றே இல்லையே. எனவே சூடான எண்ணெயை நிரப்பிச் சுடவைப்பது, எண்ணெயை இறக்கி வாக்குவம் போடுவது, குளிர்ந்ததும் மறுபடி நிரப்புவது... நாலு சுற்று, ஐந்து சுற்று. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நாள். ஒரு லட்சம் லிட்டர் எண்ணெயை இறக்கி வைக்கத் தனி டேங்க் வேறு.

வாக்குவம் இருக்கும்போது மெக்கர் போடாதே என்று எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். காரணம் கேட்டால் பெரும்பாலான ஃபோர்மன்களுக்குத் தெரியாது, "போடாதேன்னா போடாதே". காரணம் 1889-இலேயே இருக்கிறது. காற்று ஓரளவு குறைந்த இடத்தில் வெறும் சில நூறு வோல்ட்டுக்கே பொறி தாவிவிடும் என்று ஜெர்மனியில் பாஷன் என்பவர் அளந்து சொல்லியிருந்தார். மெக்கரே ஆயிரக்கணக்கில் வோல்ட் கொடுக்கிறது. கோடி ரூபாய் சாமானைச் சோதனை பண்ணியே கெடுத்துவிடலாம்.

தொழிற்சாலைக்காரர்கள் இதற்குள் வேறு வழி கண்டுபிடித்திருந்தார்கள். 1960-களில் பரவிய முறை அது. மண்ணெண்ணெய் வகைக் கரைப்பானை ஆவியாக்கி வாக்குவ அறைக்குள் விடுவது. ஆவி எங்கே குளிர்ச்சியாக இருக்கிறதோ அங்கே போய்ப் படிந்து தன் சூட்டைக் கொடுக்கும். இட்லிப் பானைதான், வேறொன்றுமில்லை. மேல் தட்டு, அடித் தட்டு எல்லா இட்லியும் ஒரே மாதிரி வேகிறதே, அதே தத்துவம். வாரக்கணக்கு நாள் கணக்காகக் குறைந்தது. இதை லாரியில் ஏற்றி சைட்டுக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு. ஆனால் எரியக்கூடிய ஆவி, பெரிய கொதிகலன், இடவசதி... நம்ம சைட்டுகளில் அது அதிகம் எடுபடவில்லை.

இதற்குள் டிரான்ஸ்பார்மர்களும் வளர்ந்துவிட்டன. 1977-இல் உத்தரப்பிரதேசத்தில் முதல் 400 கே.வி. லைன் வந்தது. 2007-இல் சிபட் - சிவனி லைன் 765 கே.வி.யில் சார்ஜ் ஆனது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாக நம்ம தெற்கு கிரிட் மற்ற இந்தியாவோடு இணைந்தது. அன்று இரவு எங்கள் வட்டாரத்தில் நிறையப் பேருக்குப் புத்தாண்டே தெரியாது. இந்த லைன்களின் இரு முனையிலும் நிற்பவை, எண்ணெயை இறக்கிய பிறகும் நூற்றைம்பது, இருநூறு டன் இருக்கும். பாலம் தாங்குமா, வளைவில் திரும்புமா என்று பார்த்துப் பார்த்து, பல சக்கர டிரெய்லரில் ஊர்ந்து வந்தவை. ஈரமாகிவிட்டது என்று ஃபாக்டரிக்குத் திருப்பி அனுப்புவது என்றால் மாதக்கணக்கு. ஆகவே நூறு வருடம் கழித்தும் அதே விதிதான், நிற்கும் இடத்திலேயே காயவை.

2000-க்குப் பிறகு சைட்டுக்கு வந்த பெரிய மாற்றம் குறைந்த அதிர்வெண் சூடாக்கல். கேட்டால் புதுசு மாதிரி இருக்கும், உண்மையில் பழைய கையேட்டின் முதல் வழிதான். செம்பிலேயே கரண்ட் விட்டு உள்ளிருந்து சூடாக்குவது. அதை முன்பு வாக்குவத்தில் செய்ய முடியாததற்குக் காரணம், 50 ஹெர்ட்ஸில் முழு கரண்ட் ஓட 400 கே.வி. வைண்டிங்குக்கு நாற்பதாயிரம் வோல்ட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். பாஷன் விடமாட்டார். அதிர்வெண்ணை ஒரு ஹெர்ட்ஸுக்கும் வெகு கீழே கொண்டுபோனால் சில நூறு வோல்ட்டே அதே கரண்டைத் தள்ளிவிடும். அதற்கான கன்வெர்ட்டர் ஒரு கண்டெய்னரில் வருகிறது. செம்பு உள்ளிருந்து சுடும், அதை ஒட்டிச் சுற்றிய காகிதமும் சுடும், வாக்குவம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வெளி அட்டைகளுக்குச் சூடான எண்ணெயைத் தூவுவார்கள். நாள் கணக்கு வெகுவாகக் குறைகிறது.

ஆனாலும் அவசரத்துக்கு ஒரு விலை இருக்கிறது. காகித அட்டை காய்ந்தால் சுருங்கும். ஃபாக்டரியில் காயவைத்ததும் வைண்டிங்கை மறுபடி இறுக்கி முடுக்குவார்கள். சைட்டில் மூடியைத் திறக்காமல் வெறியோடு காயவைத்தால் சுருள்கள் தளர்ந்து நிற்கும், என்றாவது லைனில் ஒரு ஷார்ட் வந்தால் அன்று ஆடிப்போகும். இதைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை.

நைட்ரஜனைப் பற்றியும் பேசுவதில்லை, அதனால் நான் சொல்கிறேன். காயவைத்த டேங்கில் ஈரக் காற்று புகாமல் இருக்க நைட்ரஜன் அடைப்பார்கள். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆள் உள்ளே இறங்கினால் மூச்சுத் திணறல்கூடத் தெரியாமல் ஒன்றிரண்டு மூச்சிலேயே விழுந்துவிடலாம். காப்பாற்ற இறங்கியவரும் விழுவார். உலர் காற்றை நிரப்பி, ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று மீட்டரில் பார்த்த பிறகுதான் இறங்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் யாராவது இந்த வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தால் இந்த ஒரு பத்தியை மட்டும் போனில் படித்துக் காட்டிவிடுங்கள்.

இப்போது பழைய டிரான்ஸ்பார்மர்களின் பக்கத்தில் பீரோ அளவில் ஒரு பெட்டி நிற்பதைச் சில சப்ஸ்டேஷன்களில் பார்க்கலாம். உள்ளே மிக நுண்ணிய துளைகள் உள்ள ஜியோலைட் மணிகள். சார்ஜில் இருக்கும்போதே எண்ணெய் மெதுவாக அதன் வழியாகப் போய் வரும், மணிகள் தண்ணீரை மட்டும் பிடித்துக்கொள்ளும். எண்ணெயில் உள்ள அந்த ஒன்றிரண்டு லிட்டரைத்தான் இதுவும் பிடிக்கிறது, ஆனால் நிற்காமல் பிடிக்கிறது. காகிதம் தள்ளத் தள்ள இது வாங்கிக்கொள்ளும். போன வருடம் ஒரு சப்ஸ்டேஷனில் இப்படி மூன்று வருடம் ஓடிய பெட்டியின் கணக்கைப் பார்த்தேன். மணிகளை மாற்றும்போதெல்லாம் எடை போட்டு எழுதியிருந்தார்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டு குடம் தண்ணீர். இன்னும் ஐந்து குடமாவது உள்ளே இருக்கும் என்று அங்கிருந்த பெண் இன்ஜினியர் சொன்னார், சொல்லிவிட்டு வால்வைத் திறந்து அந்த மாதத்து சாம்பிளைப் பிடித்துக்கொண்டார்.